பேட்ரிக் கிளேபர்ன்: அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கத் தெற்குக்காக உயிர்விட்ட ஜெனரல் – பேசலாம் வாங்க

#1 அகிலன்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் நம்மில் பலருக்கு லிங்கன், கிராண்ட், லீ, கெட்டிஸ்பர்க் என்று நான்கு பெயர்களோடு கதை முடிந்துவிடும். மேற்குக் களம் என்று சொல்லப்படும் டென்னசி, ஜார்ஜியா பக்கத்துப் போரைப் பற்றித் தமிழில் பேச்சு குறைவு. அந்தக் களத்தில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தரப்பில் மிகச் சிறந்த டிவிஷன் (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) தளபதி யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் பெயர் பேட்ரிக் கிளேபர்ன். தெற்கின் புகழ்பெற்ற ஜெனரல் ஸ்டோன்வால் ஜாக்சனோடு ஒப்பிட்டு, 'மேற்கின் ஸ்டோன்வால்' என்ற பட்டமே அவருக்கு உண்டு.

1828 மார்ச் 16 அன்று, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஓவன்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். ஓரளவு வசதியான புராட்டஸ்டன்ட் குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார், பதினைந்து வயதில் அப்பாவும் போய்விட்டார். மருந்தாளர் படிப்புக்காக டப்ளினில் நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றவர், வீட்டாரின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, 1846இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் 41வது காலாட்படை ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்.

அது உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம். ரெஜிமெண்டும் அங்கேயேதான் இருந்தது. சொந்த நாட்டு மக்கள் பட்டினியில் சாகும்போது, 'ஒழுங்கைக் காக்க' நிறுத்தப்பட்ட சிப்பாய்களில் இவரும் ஒருவர். கார்ப்பரல் பதவி வரை வந்தார். 1849இல் பணம் கட்டி ராணுவத்திலிருந்து விடுதலை வாங்கிக்கொண்டு, உடன்பிறந்தவர்களோடு கப்பலேறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார். அடுத்த வருஷமே மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலினா என்ற சின்ன ஊருக்கு வந்து, ஒரு மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்தார். பிறகு அதிலேயே பங்குதாரர், அப்புறம் சட்டம் படித்து வக்கீல்.

1861இல் போர் வெடித்தபோது ஊர் இளைஞர்களின் தொண்டர் கம்பெனி இவரைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தது. 1862 மார்ச்சில் பிரிகேடியர் ஜெனரல், டிசம்பரில் மேஜர் ஜெனரல். தெற்கு ராணுவத்தில் வெளிநாட்டில் பிறந்து மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தவர்கள் மிகச் சிலரே.

நான் பேச விரும்புவது 1864 ஜனவரியில் அவர் வாசித்த ஓர் அறிக்கையைப் பற்றி. அதற்கு முன்னால், அவருடைய போர்முறை தெரிந்தவர்கள் யாராவது எழுதினால் நல்லது.


#2 கார்க்கோடகன்

நல்ல தொடக்கம். ஹெலினா வாழ்க்கையில் இரண்டு செய்திகள் சேர்க்கிறேன். 1855இல் அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவி, முடிந்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டு ஓடினார்கள். நோயாளிகளைக் கவனிக்க ஊரிலேயே தங்கிய சிலரில் கிளேபர்ன் ஒருவர்.

மற்றது 1856. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் கத்தோலிக்கர்களையும் எதிர்த்து 'ஒன்றும் தெரியாது' கட்சி என்று ஓர் இயக்கம் அப்போது நாடெங்கும் வளர்ந்திருந்தது. கிளேபர்னின் நெருங்கிய நண்பர் தாமஸ் ஹிண்ட்மன் அதை மேடைதோறும் சாடியவர். அந்தப் பகை ஒருநாள் தெருவில் துப்பாக்கிச் சண்டையாக முடிந்தது. கிளேபர்னுக்கு முதுகில் குண்டு பாய்ந்தது. விழுவதற்கு முன் திரும்பிச் சுட்டதில் எதிராளி ஒருவர் செத்தார். இவர் பிழைப்பாரா என்பது பல நாள் சந்தேகமாகவே இருந்திருக்கிறது.

இந்த ஹெலினா வாழ்க்கைதான் பின்னால் அவர் எடுத்த முடிவுக்கு வேர் என்று நினைக்கிறேன். அநாதையாக வளர்ந்து, படிப்பில் தோற்று, சிப்பாயாகச் சீரழிந்த ஒருவனுக்கு முதல்முறையாக ஓர் ஊர் மரியாதை கொடுத்தது. போர் தொடங்கும்போது சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்: தனக்கு அடிமைகள் கிடையாது, அவர்களைப் பற்றிய அக்கறையும் இல்லை, ஆனால் இந்த மக்கள் எப்போதும் தன் பக்கம் நின்ற நண்பர்கள், வாழ்வோ சாவோ இவர்களோடுதான் என்று.


#3 ஓய்வுபெற்ற சிப்பாய்

அகிலன் தம்பி கேட்டதால் எழுதுகிறேன். ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் இவரிடம் என்னைக் கவர்வது பயிற்சி. தெற்குப் படையில் பெரிய பதவிகளில் பாதிப் பேர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர்கள், மீதிப் பேர் அரசியல்வாதிகள். இவர் இரண்டிலும் சேராதவர். கீழ்மட்டச் சிப்பாயாக அணிவகுப்பு மைதானத்தில் வியர்வை சிந்திக் கற்றதை அப்படியே மேலே கொண்டுவந்தார். தன் அதிகாரிகளுக்குத் தானே வகுப்பு எடுத்தார். கண்ணால் தூரத்தை அளந்து சுடுவதற்குத் தனியாகப் பழக்கினார். இங்கிலாந்திலிருந்து முற்றுகையைத் தாண்டி வந்த விட்வொர்த் துப்பாக்கிகள் கொஞ்சமே கிடைத்தன. டிவிஷனில் குறி தவறாதவர்களைப் பொறுக்கியெடுத்து அவர்கள் கையில் கொடுத்தார்.

தொடக்கத்திலேயே எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. 1862 ஏப்ரல், ஷைலோ சண்டை. முதல் நாள் காலையில் அவருடைய பிரிகேட் (டிவிஷனுக்கு ஒரு படி கீழான பிரிவு) ஒரு சதுப்பு நிலத்தில் இரண்டாகப் பிளந்துபோனது. அவரையே குதிரை சேற்றில் தள்ளிவிட்டது. அவருக்குக் கீழிருந்த 6வது மிசிசிப்பி ரெஜிமெண்ட் 425 பேரோடு போய் 300 பேரை இழந்தது. இரண்டு நாளில் அந்த ஒரு பிரிகேடின் இழப்பு மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கென்டக்கியின் ரிச்மண்டில் ஒரு குண்டு இடது கன்னத்தில் நுழைந்து பற்களை உடைத்து வாய்வழியே வெளியேறியது. ஆறே வாரத்தில் திரும்பி வந்து பெரிவில்லில் நின்றார், அங்கே மறுபடியும் காயம். டிசம்பர் 31, ஸ்டோன்ஸ் ரிவர்: எதிரியின் வலது அணியை மூன்று மைல் தூரம் பின்னுக்குத் தள்ளினார்.

ஆனால் பாடமாக வைக்க வேண்டியது 1863 நவம்பர். சட்டநூகாவுக்குப் பக்கத்தில் மிஷனரி ரிட்ஜ் என்ற மலைத்தொடரில் 25ஆம் தேதி சண்டை. வடகோடியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் எத்தனை முறை ஏறியும் கிளேபர்னின் ஆட்களைத் தாண்ட முடியவில்லை. நடுப்பகுதியோ சரிந்துவிட்டது. மொத்தப் படையும் ஜார்ஜியாவை நோக்கி ஓடுகிறது, பின்னால் வடக்கின் ஜெனரல் ஹூக்கர் துரத்துகிறார். படையின் வண்டிகளும் பீரங்கிகளும் சேற்றுப் பாதையில் ஊர்கின்றன. தளபதி பிராக்கிடமிருந்து கட்டளை வந்தது: ரிங்கோல்ட் கணவாயை என்ன ஆனாலும் பிடித்து நில்.

27ஆம் தேதி விடிவதற்கு முன்பே, இடுப்பளவு குளிர்ந்த ஓடையைத் தன் ஆட்களோடு தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தார். ரயில் பாதை போகும் குறுகலான இடைவெளி. நாலாயிரம் பேர்தான். கணவாய் வாயில் இரண்டு பீரங்கிகளை வெட்டிய கிளைகளால் மூடி வைத்தார். எதிரி நெருங்கும்வரை மூச்சு விடவில்லை. பிறகு திரையை விலக்கிச் சுட்டதில் முன்வரிசை கலைந்தது. மலையில் ஏற முயன்றவர்களை மேலிருந்து தள்ளினார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை நிறுத்தி வைத்து, வண்டிகள் பத்திரமாகிவிட்டன என்ற செய்தி வந்ததும் ஒழுங்காகப் பின்வாங்கினார். அவர் இழப்பு சுமார் 220. எதிரியின் இழப்பு 500க்கு மேல். தெற்கு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு நன்றி சொன்னது.

முன்னேறிப் போய் ஜெயிப்பது வேறு. தோற்று ஓடும் படைக்குப் பின்னால் நின்று, எப்போது விட்டுக் கிளம்ப வேண்டும் என்று கணக்காகத் தெரிந்திருப்பது மிகக் கடினம். நான் பார்த்த நல்ல அதிகாரிகளிடமும் இது அபூர்வம்.


#4 மதுரை வாசகி

ஐயா எழுதியது மிகத் தெளிவு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்த இழை நகரக்கூடாது. ரிங்கோல்டில் அவர் காப்பாற்றியது எதை? மனிதர்களை மாடுகளைப்போல விற்பதைச் சட்டமாக வைத்திருந்த ஒரு நாட்டின் படையை. ஹெலினா இருந்த மாவட்டத்தில் 1860இல் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். 'இந்த மக்கள் என் நண்பர்கள்' என்று அவர் எழுதியபோது அந்தப் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'மக்கள்' கணக்கில் வரவே இல்லை. பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த சனங்களைக் கண்ணால் பார்த்தவர் இவர். அதுதான் எனக்கு ஆறவில்லை.


#5 அகிலன்

மதுரை வாசகி, அதைத்தான் பேச வந்தேன்.

1864 ஜனவரி 2, ஜார்ஜியாவில் டால்டன் என்ற ஊர். பிராக்குக்குப் பிறகு படைத் தளபதியான ஜான்ஸ்டனின் தலைமையகத்தில் மூத்த ஜெனரல்கள் இரவில் கூடினார்கள். கிளேபர்ன் கையில் ஒரு நீண்ட அறிக்கை. அவருடைய டிவிஷன் அதிகாரிகள் பலரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அறிக்கை சொன்னது இது. நம் தோல்விக்கு மூன்று காரணங்கள்: எதிரியைவிட நம் படை சிறியது, அவனுக்கு ஆள் கிடைக்கப் பல வழிகள், நமக்கு ஒன்றே ஒன்று, மூன்றாவதாக, போரின் தொடக்கத்தில் நமக்குப் பலமாக இருந்த அடிமை முறை இப்போது ராணுவ ரீதியில் மிகப் பெரிய பலவீனங்களில் ஒன்றாகிவிட்டது. எதிரி வரும் இடமெல்லாம் அடிமைகள் அவனுக்கு வழிகாட்டுகிறார்கள், உளவு சொல்கிறார்கள், அவன் படையிலேயே சேர்ந்து நம்மைச் சுடுகிறார்கள். ஆகவே அடிமைகளில் துணிச்சல் மிக்கவர்களைத் திரட்டிப் படையாகப் பயிற்றுவிப்போம், தெற்குக்கு விசுவாசமாக இருக்கும் ஒவ்வொரு அடிமைக்கும் நியாயமான காலத்துக்குள் விடுதலையை உறுதியாக அறிவிப்போம். அவர்களுடைய திருமணத்தையும் பெற்றோர் பிள்ளை உறவையும் சட்டம் காக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இங்கிலாந்தும் பிரான்சும் நம்மை அங்கீகரிக்கத் தடையாக இருப்பதும் அடிமை முறைதானே என்றும் வாதிடுகிறது.

சுதந்திரமா, அடிமைகளா, எது என்று வந்தால் தேசப்பற்றுள்ளவன் அடிமைகளைத்தான் விடுவான் என்பது அவர் நம்பிக்கை. அறையில் இருந்தவர்களிடம் அந்த நம்பிக்கை இல்லை. பேட்டன் ஆண்டர்சன் இதை அரக்கத்தனமான யோசனை என்று எழுதினார். வாக்கர் என்ற ஜெனரல் கொதித்துப்போய், ஜான்ஸ்டன் அனுப்ப மறுத்தும், தானே ஒரு பிரதியைத் தெற்கின் அதிபர் ஜெபர்சன் டேவிஸுக்கு அனுப்பி வைத்தார். டேவிஸின் பதில்: இதைப் பற்றி எங்கும் பேசக்கூடாது, அறிக்கையை அமுக்கிவிடுங்கள்.


#6 மதுரை வாசகி

அறிக்கையை நானும் படித்திருக்கிறேன். அதில் அடிமைகளின் வலியைப் பற்றிய அக்கறை எத்தனை வரி? முழுக்க முழுக்க ஆள் கணக்கு. விடுதலை என்பது ஆள் சேர்க்கக் கொடுக்கும் கூலி. இதை வைத்து அவரை அடிமை ஒழிப்பு வீரராக ஆக்கும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அவர் ஊரான ஹெலினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1862 ஜூலையில் வடக்குப் படை அதைப் பிடித்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அடிமைகள் ஆயிரக்கணக்கில் தப்பி அங்கே வந்து சேர்ந்தார்கள். 1863இல் அதே ஊரில் கறுப்பினத்தவரின் படைப்பிரிவுகள் உருவாயின. போர் முடிவதற்குள் வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர். கிளேபர்ன் அறிக்கை வாசித்தபோது அவர்கள் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. அவர் மருந்து விற்ற தெருவிலேயே சீருடையோடு நடந்துகொண்டிருந்தார்கள்.


#7 அகிலன்

ஹெலினா பற்றி நீங்கள் சொன்னதுதான் இந்தக் கதையின் மிக வலுவான பக்கம். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கிளேபர்ன் அடிமை ஒழிப்பாளர் இல்லை.

ஆனால் அந்த அறிக்கையின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 'தெற்கு போரிட்டது மாநில உரிமைக்காக, அடிமை முறைக்காக அல்ல' என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை உண்மை என்று நம்பிய ஒருவர் தெற்கின் ஜெனரல்களுக்குள்ளேயே இருந்தார். நம்பியதைச் சோதித்தும் பார்த்தார். 'சரி, சுதந்திரத்துக்காகத்தானே போரிடுகிறோம், அடிமை முறையை விட்டுவிடுவோம்' என்று உரக்கச் சொன்னார். உடனே அவர் வாய் மூடப்பட்டது. துணை அதிபர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சிலேயே சவான்னாவில் இந்தப் புதிய அரசின் மூலைக்கல்லே இன ஏற்றத்தாழ்வுதான் என்று மேடையில் பேசியிருந்தார். 1865 ஜனவரியில் ஜார்ஜியாவின் அரசியல்வாதியும் ஜெனரலுமான ஹவல் காப் இன்னும் வெளிப்படையாக எழுதினார்: அடிமைகள் நல்ல போர்வீரர்கள் ஆவார்கள் என்றால், அடிமை முறை பற்றிய நம் கொள்கை முழுவதுமே தவறு. கிளேபர்ன் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

வெளியிலிருந்து வந்தவர் என்பதால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது என்பது என் கருத்து. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி மனதில் எழுந்தே இருக்காது.


#8 கார்க்கோடகன்

கிளேபர்னைப்போல அயர்லாந்து மண்ணிலிருந்து வந்த மற்றவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் பிறந்து வடக்குப் படையில் போரிட்டவர்கள் சுமார் ஒன்றரை லட்சம். தெற்கில் அதில் சிறு பங்குதான். வாட்டர்ஃபோர்டில் பிறந்த தாமஸ் பிரான்சிஸ் மாஹர், 1848 கிளர்ச்சிக்காகத் தாஸ்மானியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து தப்பி அமெரிக்கா வந்து, வடக்கின் ஐரிஷ் பிரிகேடை ஆன்டீடமிலும் ஃபிரெடரிக்ஸ்பர்க்கிலும் நடத்தினார். கிளேபர்ன் ஆங்கிலேய அரசின் சீருடையை அணிந்திருந்த அதே ஆண்டுகளில் மாஹர் அந்த அரசுக்கு எதிராக மேடை ஏறிக்கொண்டிருந்தார். யார் எந்த ஊரில் போய் இறங்கினார்கள் என்பதுதான் பெரும்பாலும் பக்கத்தை முடிவு செய்திருக்கிறது.


#9 இளங்கதிர்

புதியவன், ஒரு சந்தேகம். அறிக்கையால்தான் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்கிறார்களே, உறுதியாகச் சொல்ல முடியுமா?


#10 ஓய்வுபெற்ற சிப்பாய்

தம்பி, யாரும் எழுதி வைத்த காரணம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். 1864இல் அந்தப் படையில் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பிரிவு) தளபதி இடம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை காலியானது. ஹூட், ஸ்டூவர்ட், ஸ்டீபன் லீ, சீட்டம் என்று மற்றவர்களுக்குப் போனது. கிளேபர்னுக்கு ஒருமுறைகூட வரவில்லை.

வெஸ்ட் பாயிண்ட் படிப்பு இல்லாததுதான் காரணம் என்றால், சீட்டமும் அங்கே படித்தவர் இல்லை. சீட்டம் டென்னசியின் பழைய குடும்பத்துக்காரர், அது வேறு விஷயம். இன்னொன்றும் உண்டு: பிராக்கின் தலைமையில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் கிளேபர்ன் ஒருவர். 1863 சிக்கமாகா சண்டைக்குப் பிறகு பிராக்கை மாற்றக் கோரிய மனுவிலும் கையெழுத்திட்டார். அதே பிராக் 1864 தொடக்கத்தில் டேவிஸின் ராணுவ ஆலோசகராகப் போய் உட்கார்ந்தார். அறிக்கை, பிராக், வெளிநாட்டுப் பிறப்பு மூன்றும் சேர்ந்து அடித்திருக்கும் என்பது என் கணிப்பு. மூன்றில் அறிக்கையின் அடிதான் பலமானது.

அதற்குப் பிறகும் அவர் வேலையில் குறை வைக்கவில்லை. மே 27 அன்று பிக்கட்ஸ் மில்லில் வடக்குப் படைக்குச் சுமார் 1,600 இழப்பு, இவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜூன் 27, கென்னசா மலை. அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு அணிக்கும் நடுவே காட்டுப்புதர் தீப்பிடித்து, எழ முடியாமல் கிடந்த வடக்குப் படையின் காயம்பட்டவர்கள் வேகத் தொடங்கினார்கள். கிளேபர்ன் டிவிஷனைச் சேர்ந்த கர்னல் மார்ட்டின் ஒரு கைக்குட்டையைத் துப்பாக்கிக் கோலில் கட்டி உயர்த்தி, உங்கள் ஆட்களைத் தூக்கிப்போங்கள், நாங்கள் சுட மாட்டோம் என்று கத்தினார். இவருடைய வீரர்களும் இறங்கிப்போய் எதிரிகளைத் தூக்க உதவினார்கள். மறுநாள் வடக்குப் படை அதிகாரிகள் மார்ட்டினுக்கு ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

ஜூலை 22, அட்லாண்டாவுக்கு வெளியே நடந்த சண்டையில், அறிக்கையை டேவிஸுக்கு அனுப்பிய வாக்கர் கொல்லப்பட்டார்.


#11 இளங்கதிர்

நன்றி ஐயா. டென்னசியின் ஃபிராங்க்ளினில் நடந்த சண்டையில் அவர் வேண்டுமென்றே சாகப் போனார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது சரியா?


#12 ஓய்வுபெற்ற சிப்பாய்

நான் நம்பவில்லை. நடந்த வரிசையைப் பாருங்கள். 1864 நவம்பர் 29 இரவு ஸ்பிரிங் ஹில்லில், பொறியில் சிக்கியிருக்க வேண்டிய வடக்குப் படை, தெற்கின் முகாம் நெருப்புகளுக்குப் பக்கத்திலேயே நடந்து தப்பிவிட்டது. அதற்குள் படைத் தளபதியாகியிருந்த ஹூட் மறுநாள் கோபத்தில் எல்லோர்மீதும் பழி போட்டார். அதே மாலை ஃபிராங்க்ளினில், பதுங்கு அரண்களுக்கு எதிரே ஏறக்குறைய இரண்டு மைல் திறந்தவெளியில் சுமார் 20,000 பேரை நேராக அனுப்பினார். பீரங்கிப் படையில் பெரும்பகுதி இன்னும் வந்து சேரவில்லை.

கிளம்பும்போது பிரிகேட் தளபதி கோவன், நம்மில் ஆர்கன்சா திரும்புகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்றார். சாக வேண்டியிருந்தால் ஆண்களாகச் சாவோம் என்பது கிளேபர்னின் பதில். கட்டளை தவறு என்று தெரிந்தும் தன் ஆட்களோடு போன ஓர் அதிகாரி அப்படித்தான் பேசுவார். அதில் சாகும் ஆசையை நான் பார்க்கவில்லை. ஒரு குதிரை விழுந்தது. இரண்டாவதில் ஏறும்போதே அதுவும் விழுந்தது. தொப்பியை உயர்த்திப் பிடித்தபடி நடந்தே புகைக்குள் போனார். கார்ட்டர் வீட்டாரின் பருத்தி அரவை ஆலைக்குச் சற்று முன்னால் உடல் கிடந்தது. காலையில் கண்டெடுத்தபோது பூட்ஸ், வாள், கடிகாரம் எதுவும் இல்லை. வயது 36.

ஃபிராங்க்ளினில் ஏறக்குறைய ஐந்து மணி நேரச் சண்டையில் தெற்குக்கு 6,000க்கு மேல் இழப்பு. செத்தவர்களும் சாகும் காயம் பட்டவர்களுமாக ஜெனரல்கள் மட்டும் ஆறு பேர். இந்தப் போரில் எந்தத் தாக்குதலும் இவ்வளவு வீண் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஹூட்மீதான என் கோபம் இந்த வயதிலும் தணியவில்லை.


#13 தேன்மொழி

ஃபிராங்க்ளினுக்குப் பின்னால் இன்னொருவரும் இருக்கிறார். அந்த ஜனவரியில், அறிக்கை வாசித்துச் சில நாட்களிலேயே, நண்பர் ஜெனரல் ஹார்டியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழராகப் போனார் கிளேபர்ன். மணப்பெண்ணின் தோழி, அலபாமாவின் மொபைல் நகரத்து சூசன் டார்ல்டன். கூச்ச சுபாவக்காரர், பெண்களோடு பேசவே தயங்குபவர் என்று பெயரெடுத்தவர், அங்கேயே மனதைப் பறிகொடுத்தார். மார்ச் மாதத்துக்குள் நிச்சயமும் ஆனது. அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு விடுப்பே கிடைக்கவில்லை. தோட்டத்தில் இருந்தபோது தெருவில் பத்திரிகை விற்ற பையன் கூவியதைக் கேட்டுத்தான் சூசன் செய்தியைத் தெரிந்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது.


#14 மதுரை வாசகி

தேன்மொழி, சூசனின் இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. கென்னசாவில் நடந்ததைப் படித்து மனம் இளகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அகிலனின் #7 பதிவை மறுபடி படித்தேன். ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. தெற்கு நாடாளுமன்றம் கடைசியில் 1865 மார்ச் 13 அன்று கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில்கூட விடுதலை என்ற உறுதி கிடையாது. தலைநகர் ரிச்மண்டில் ஓரிரு சிறு கம்பெனிகள் திரண்டன, சில வாரத்தில் போர் முடிந்தது. மூழ்கும் நேரத்திலும் அவர்கள் ஆளை மட்டும் கேட்டார்கள், விலையைக் கொடுக்க மறுத்தார்கள். கிளேபர்ன் விலையையும் சேர்த்துச் சொன்னவர். அந்த அளவுக்கு அவர் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் இல்லை.

அலபாமாவிலும் ஆர்கன்சாவிலும் அவர் பெயரில் மாவட்டங்கள், டெக்சாஸில் ஒரு நகரம். அவர் உடலை 1870இல் டென்னசியிலிருந்து ஹெலினாவுக்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அதே ஹெலினாவில் தப்பி வந்த அடிமைகளுக்கும் கறுப்பினப் போர்வீரர்களுக்கும் இப்போது ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் அங்கேதான் முதலில் போக வேண்டும் என்பேன்.


#15 இளங்கதிர்

டேவிஸ் அமுக்கிவிடச் சொன்ன அறிக்கை நமக்கு எப்படிக் கிடைத்தது?


#16 அகிலன்

அதுவும் நல்ல கதை. கட்டளை வந்ததும் கிளேபர்ன் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார். ஆனால் அவருடைய அலுவலர்களில் ஒருவரான மேஜர் கால்ஹூன் பென்ஹம் அந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தவர். மறுப்பு எழுதுவதற்காக ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, 1890 வாக்கில், அவருடைய காகிதங்களுக்குள்ளிருந்து அது வெளிப்பட்டது. அதுவரை கால் நூற்றாண்டுக்கு மேலாக, அப்படி ஓர் அறிக்கை இருந்ததற்கு அன்று அந்த அறையில் இருந்தவர்களின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் பொதுவெளியில் இல்லை.

அமெரிக்க அரசு வெளியிட்ட போர் ஆவணத் தொகுப்பில், முதல் வரிசை, 52வது தொகுதியின் இரண்டாம் பாகத்தில் முழுதாக அச்சாகியிருக்கிறது. இணையத்தில் இலவசம். ஏழெட்டுப் பக்கம்தான். அடிமைகள் போரிடுவார்களா என்ற கேள்விக்கு ஸ்பார்ட்டாவின் அடிமைகளையும் ஹைத்தியின் கிளர்ச்சியையும் அவர் உதாரணம் காட்டும் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள், இளங்கதிர். ஹைத்தி என்ற பெயரைக் கேட்டாலே அந்த அறையில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.